கண்மாயில் ஓடிய கடல் படகு

பயணத்தின் நோக்கம் என்ன என்று மதுரை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேட்டார். நண்பனைப் பார்க்க என்று சொல்லியிருந்தால் பேசாமல் முத்திரை குத்தி அனுப்பியிருப்பார். எனக்கு வாய் சும்மா இருக்காது. அருப்புக்கோட்டையில் என் நண்பன் ஒரு வேகப்படகு செய்திருக்கிறான், அதை ஓட்டிப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் தலையை நிமிர்த்தி என்னை நிதானமாகப் பார்த்தார். தானும் அந்தப் பக்கம்தான் பெண் எடுத்திருப்பதாகவும், மாமனார் வீட்டில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போடுவதாகவும் சொன்னார். பிறகு முத்திரையைக் குத்திவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொல்லச் சாய்ந்துகொண்டார்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். கடலோரப் படகுப் பட்டறை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை. புதிதாகச் செய்த படகைக் கடலில் விரட்டி ஓட்டி, என்ன குறை என்று வந்து சொல்ல வேண்டும். குறை சொல்வதற்கே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்று என் மனைவி போகிற விசேஷ வீடுகளிலெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். நாங்கள் செய்யும் படகுக்கு அடிப்பாகம் கெட்டியான ஃபைபர். அதன் விளிம்பைச் சுற்றி, ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனில் காற்றடைத்த ட்யூப். அடிப்பாகம் அலையை வெட்டும், ட்யூப் படகைக் கவிழவிடாது. மீட்புப் பணிக்கும், கப்பலுக்கு ஆள் ஏற்றவும் இதைவிட நல்ல படகு கிடையாது.

அந்த ட்யூப்பைச் செய்கிற பிரிவில் பதினொரு ஆண்டுகள் என்னோடு இருந்தவன் சென்னப்பன். அருப்புக்கோட்டைக்காரன், நெசவுக் குடும்பம். இரண்டு பேரும் பட்டறைக்குப் பின்னால் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவர்கள். எனக்குக் கல்யாணமான பிறகும் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். அவன் போன பிறகு எங்கள் ட்யூப்கள் பழைய ட்யூப்களாக இல்லை. அந்தப் பட்டறையில் நானும் பழைய ஆளாக இல்லை.

சீன முதலாளியைத் தவுக்கே என்போம் நாங்கள். நான் விடுப்புக் கேட்டபோது தவுக்கே டிக்கெட்டைத் தானே எடுத்துக் கொடுத்தார். சென்னப்பன் எதையோ செய்து பார்க்கட்டும், அது சரியாக வராது, வராதபோது நீ பக்கத்தில் இருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வா, ட்யூப் பிரிவுக்கு அவன்தான் தலைவன் என்றார். நானும் தலையாட்டினேன். வருகிற வழியெல்லாம், அவன் திரும்பி வந்தால் எந்தக் கடையில் முதலில் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிடுவது என்று கூட யோசித்து வைத்திருந்தேன். நான் வந்தது படகுக்காக மட்டும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பருத்தி வியாபாரி. என் தமிழைக் கேட்டு எந்த ஊர் என்றார். பினாங்கு என்றேன். அது சரி, சொந்த ஊர் எது என்றார். பினாங்குதான் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. காரியாபட்டி தாண்டும்வரை என் முன்னோர்கள் எந்த ஊராக இருக்கக்கூடும் என்று அவரே ஒவ்வொரு ஊராகச் சொல்லிப் பார்த்தார். இறங்கும்போது, என் மூக்கைப் பார்த்தால் பந்தல்குடிப் பக்கம் மாதிரி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் செத்துக் கிடந்தாலும் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

சென்னப்பன் பஸ் நிலையத்தில் நின்றான். தலை நன்றாக நரைத்திருந்தது. கட்டிப்பிடிக்கலாம் என்று போனேன். அவன் என் தோளில் ஒரு அடி போட்டு, "ஏலே, தொப்பை போட்டுட்டியே" என்றான். வீட்டுக்குப் போகும் வழி முழுக்கத் தறிச்சத்தம். பவர்லூம் ஓடும் தெருவில் பேசுவதற்கு என்றே ஒரு குரல் வைத்திருக்கிறார்கள். பினாங்கில் அவன் ஏன் எப்போதும் கத்திக் கத்திப் பேசினான் என்பது பதினேழு ஆண்டுகள் கழித்து அன்றைக்குத்தான் விளங்கியது.

அவன் மனைவி சௌடம்மா கம்பங்கூழும் மோர்மிளகாயும் வைத்தார். பரோட்டா வாங்கி வருவதாகச் சென்னப்பன் சொன்னதற்கு, கூழ்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பட்டறை அறையில் அவன் மாதம் ஒருமுறையாவது இந்தக் கூழைப் பற்றிப் பேசி எங்களுக்கு நாக்கில் நீர் ஊற வைத்திருக்கிறான். உண்மையைச் சொன்னால், அவன் பேச்சில் இருந்த ருசி கூழில் பாதிதான் இருந்தது. மோர்மிளகாயைப் பற்றி மட்டும் அவன் குறைத்துச் சொல்லியிருந்தான்.

அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். நான் கைகழுவப் போன நேரம் சௌடம்மா அடுக்களையில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இவர் படகு பார்க்க வரவில்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார். நீங்கள் இன்னொரு முறை போனால் நான் படகு செட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிடுவேன்." சென்னப்பன் பதில் சொன்னான்: "மெதுவாகப் பேசு. அவனுக்கு நம் பேச்சு தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன்." நான் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக் கை கழுவினேன். திரும்பி வந்தபோது சௌடம்மா என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி கூழ் ஊற்றினார். முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை படகைப் பார்க்கப் போனோம். எம்.ரெட்டியபட்டி போகிற பாதையில் ஓர் ஓரமாக, மூடிப்போன பஞ்சு அரவை மில்லின் கொட்டகைதான் அவனுடைய பட்டறை. ஷேர் ஆட்டோவில் என்னோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். வழியில் செயின் அறுந்த மாதிரி ஒரு சத்தம் வந்து வண்டி நின்றது. டிரைவர் இறங்கி, அடியில் கையை விட்டு ஏதோ செய்து, கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு கிளப்பினார். அதற்குள் எல்லோரும் இறங்கிக் காட்டோரம் பேச ஆரம்பித்துவிட்டதால் மறுபடி ஏற்றத்தான் நேரமானது. இரண்டு பக்கமும் மல்லிக்காடு. மழை நன்றாகப் பெய்த வருடமாம், காற்றில் கொத்தமல்லி வாசனை வந்துகொண்டே இருந்தது. "போட்டு செட்டு எறங்கு" என்று டிரைவர் குரல் கொடுத்தார். கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, அந்த இடத்துக்குப் படகின் பெயரால் ஒரு நிறுத்தமே ஏற்பட்டிருந்தது.

கொட்டகைக்குள் படகு நின்றது. ஐந்தரை மீட்டர், சாம்பல் நிற ட்யூப், அடியில் கூர்மையான வயிறு. வழக்கம்போல் சுற்றிச் சுற்றிக் குறை தேடினேன். ட்யூப்பின் ஒட்டுகளில் விரலை ஓட்டினேன். ஓர் இடத்திலும் விளிம்பு தூக்கவில்லை. பினாங்கில் இப்படி ஓர் ஒட்டு வர நாங்கள் குளிர்சாதன அறை கட்டி, காற்றில் ஈரத்தை அளக்கும் கருவியை மாட்டி, அது ஏறும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். இந்தப் பசைக்கு ஈரக்காற்று ஆகாது. ஒட்டின அன்று ஒன்றும் தெரியாது, ஆறு மாதத்தில் உரிந்து வரும். தண்ணீரில் ஓடுகிற படகைத் தண்ணீர் இல்லாத ஊரில் போய்ச் செய்கிறாயே என்று ஆறு ஆண்டுகளாக நான் அவனைப் போனில் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். "பங்குனி சித்திரையில ஒட்டுனது" என்றான். "இந்த ஊருக் காத்துல ஈரம் எங்கிட்டு இருக்கு? ஒங்க தவுக்கே கரண்டு பில்லு கட்டி வாங்குன காத்து இங்க சும்மா வீசுது." எனக்குச் சுருக்கென்றது.

ஒட்டுவது சௌடம்மாவும் அவரோடு தறியை விட்டு வந்த இரண்டு பெண்களும். சுருட்டி வந்திருக்கும் ரப்பர் பூசிய துணியின் ஒரு மூலையை இழுத்துப் பார்த்தே, உள்ளே பாவு நூல் எந்தப் பக்கம் ஊடை நூல் எந்தப் பக்கம் என்று சொல்கிறார்கள். அதை மாற்றி வெட்டிவிட்டால் காற்றடித்ததும் ட்யூப் முறுக்கிக்கொள்ளும். எங்கள் பட்டறையில் இதைக் கண்டுபிடித்தது சென்னப்பன்தான். அப்போது அவன் வேலைக்கு வந்து இரண்டு மாதம். தரை கூட்டுகிற ஆள். ஒரு படகு எவ்வளவு சரிசெய்தும் இடதுபக்கமே இழுத்தது. எஞ்சினைக் கழற்றினோம், அடிப்பாகத்தை அளந்தோம். துடைப்பத்தோடு வந்தவன் ட்யூப்பைத் தடவிவிட்டு, துணி கோணலாக வெட்டியிருக்கிறது என்றான். தவுக்கே அவனிடமிருந்து துடைப்பத்தை வாங்கி என் கையில் கொடுத்தார். அன்றைக்குத் தரையைக் கூட்டியது நான்தான்.

அந்தக் கதையைச் சௌடம்மாவுக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. அன்று பகல் முழுக்க நானும் சென்னப்பனும் பழையதைப் பேசினோம். பினாங்குக் கடலில் நான் ஓட்ட, அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து வரப்போகும் அலையைக் கையால் காட்டுவான். பெரிய அலை என்றால் உள்ளங்கையை விரிப்பான், நான் வேகத்தைக் கொஞ்சம் இறக்கி, அலையின் முதுகில் ஏறி, இறங்கும்போது மறுபடி கொடுப்பேன். பேச்சே தேவைப்படாது. இந்தப் படகில் நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகெலும்பு போய்விடும், முழங்காலை மடக்கி உடம்பால் அடியை வாங்க வேண்டும். அதை அவன் முதல் நாளே கற்றுக்கொண்டான், தறிக்குழியில் கால் வைத்தவனுக்கு உடம்பு தானாக வளையும் என்பான். இப்போது எனக்கு முன்னால் உட்கார வருகிறவர்கள் போனைப் பார்க்கிறார்கள். அந்த நாட்களை நான் எவ்வளவு தேடுகிறேன் என்று அவனிடம் சொல்ல வாய் வரை வந்தது, தவுக்கே சொன்னதும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

அவனுக்கு இந்தப் படகு எவ்வளவு முக்கியம் என்று அன்று மாலைதான் முழுதாகத் தெரிந்தது. கடலோர ஊர் ஒன்றின் மீனவர் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். கடலில் மாட்டிக்கொள்கிறவர்களைப் போய்த் தூக்கிவர அவர்களுக்கு ஒரு படகு வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டால் செட்டு நிலைக்கும். இல்லையென்றால் மூடிவிட்டு மறுபடி வெளிநாடுதான், வேறு வழியில்லை என்றான். இதை அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சோதனை ஓட்டத்தை நான்தான் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னான்.

சனிக்கிழமை படகை டிராக்டரில் கட்டித் திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய்க்குக் கொண்டுபோனோம். வழியில் டீக்கடை தவறாமல் நிறுத்தி விசாரித்தார்கள். ஒருவர் ட்யூப்பைத் தட்டிப் பார்த்து, டிராக்டர் ட்யூப்பை விடக் காற்று கம்மி என்றார். கண்மாயில் மீன் ஏலம் எடுத்தவர் கருப்பையா என்பவர். மீன் மிரளாமல் ஓட்டுவதாக இருந்தால் ஓட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். வேகப்படகை மீன் மிரளாமல் ஓட்டுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரே என்னை ஒரு பரிசலில் ஏற்றிக்கொண்டு போய் வழி காட்டினார். பல வருடம் காய்ந்து கிடந்த கண்மாய். உள்ளே சீமைக்கருவேலம் காடாக வளர்ந்து, இப்போது அதன் மேல் தண்ணீர் நிற்கிறது. ஆங்காங்கே கிளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வண்டல் அள்ளின நடுப்பகுதி மட்டும் ஆழம். அதற்கு அந்தப் பக்கம் மரங்கள் உண்டு, ஆனால் மர உச்சிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, பயமில்லை என்றார். காற்றடைத்த படகை முள்காட்டுக்கு மேல் ஓட்டுவது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

படகு தண்ணீரில் இறங்கியதும் சென்னப்பன் மிதிபம்பை எடுத்தான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே காற்று சுருங்கி ட்யூப் தளர்ந்துவிடும், மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். அவன் எதையும் மறக்கவில்லை. எஞ்சினைக் கிளப்பி வேகம் கொடுத்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் திணறி, பிறகு தண்ணீரின் மேல் ஏறி ஓடத் தொடங்கியது. ஆனால் வேகம் கூடக் கூட முன்பக்கம் எழுவதும் விழுவதுமாகக் குதித்தது. எஞ்சினின் சாய்வை மாற்றினேன், கொஞ்சம்தான் அடங்கியது. மனதுக்குள் குறைப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன்.

கரையில் அதற்குள் ஊர் கூடியிருந்தது. நாங்கள் ஒதுங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் முன்னால் வந்தார். மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவராம். "பின்பாரமா இருக்குய்யா. வண்டினா மாட்டுக் கழுத்துலருந்து நொகத்தடி தூக்கிரும்ல. முன்னுக்குத் தள்ளி வைங்க" என்றார். சென்னப்பனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பினாங்குப் படகில் முன்பக்கம் ஆட்கள் உட்காருவார்கள், அதனால் எண்ணெய்த் தொட்டியைப் பின்னால் வைப்போம். அவன் அதே இடத்தில் வைத்திருந்தான். இங்கே முன்னால் அவன் ஒருவன்தான். தொட்டியையும் பேட்டரியையும் இரண்டடி முன்னால் நகர்த்தி, மறுபடி போனோம். குதிப்பு நின்றுவிட்டது. பிறகு அந்தக் கண்மாயை நான் ஒன்பது தடவை சுற்றினேன். இரண்டு தடவையே போதும். மீதி ஏழும் ஆசைக்கு. சென்னப்பன் முன்னால் மண்டியிட்டு, இல்லாத அலைக்கு உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

ஞாயிறு காலை நாங்கள் டீ குடித்த கடையில், விடியும் முன்னே மடை திறந்தாயிற்று என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழ்வயலில் யாருக்கு முறை என்பதில் அவர்களுக்குள் சின்ன வாக்குவாதம். நான் பருப்பு வடையில் கவனமாக இருந்தேன். கடலில் என்றால் காலையில் கண் விழித்ததும் ஏற்றவற்றம் பார்ப்பவன் நான், எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் கயிற்றை அவிழ்க்க மாட்டேன். கண்மாய்க்கு ஏது ஏற்றவற்றம் என்று இருந்துவிட்டேன்.

சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் சூசை, ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அவரை மட்டும் ஏற்றிக்கொண்டோம். நேராக ஓடவிட்டு, நிறுத்திக் காட்டினேன். சட்டென்று வேகத்தைக் குறைத்தால் பின்னால் துரத்தி வரும் நம் அலையே படகுக்குள் ஏறிவிடும், படிப்படியாக இறக்க வேண்டும் என்று சொன்னபோது சூசை தலையசைத்தார். பிறகு திருப்பம். இந்தப் படகு திரும்பும்போது உள்பக்கமாகச் சாயும், அந்தப் பக்கத்து ட்யூப் தண்ணீரில் அழுந்திப் பிடித்துக்கொள்ளும், அதுதான் அதன் அழகு. அந்த அழகைக் காட்டுவதற்காக, முந்தின நாள் ஒன்பது தடவை போன அதே இடத்தில், ஆழப்பகுதிக்கு அந்தப் பக்கம், வேகத்தைக் குறைக்காமல் வலதுபுறம் திருப்பினேன்.

ஒரு கிழிசல் சத்தம். அதைத் தொடர்ந்து காற்று போகிற சத்தம். வலதுபக்கத்து ட்யூப்பில் நடு அறை தொளதொளவென்று தொங்கியது. சென்னப்பன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த ஒரு கணத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். என் மனது லேசானது. இனி இவன் என்னோடு வந்துவிடுவான் என்று தோன்றியது. அடுத்த மூச்சிலேயே என் மேல் எனக்கு அருவருப்பு வந்தது, ஆனால் முதலில் வந்தது அந்த மகிழ்ச்சிதான்.

ட்யூப்பில் மொத்தம் ஐந்து அறைகள். நான்கு கெட்டியாக இருந்தன. இரண்டு பேரையும் இடதுபக்கம் உட்காரச் சொல்லி, பாதி வேகத்தில் கரைக்கு வந்தேன். படகு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடவில்லை. கரையில் கருப்பையா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மட தொறந்தா தண்ணி எறங்காதா? ஒரு சாண் எறங்கிருச்சு. இதப் போயி ஒங்களுக்குத் தனியாச் சொல்லணுமாக்கும்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, படகின் மேல் குறையே இல்லை என்று சூசையிடம் சொன்னேன். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு படகைப் பற்றி நான் அப்படிச் சொன்னதில்லை.

சூசை கிழிசலைக் குனிந்து பார்த்தார். ஒரு முழ நீளம் இருந்தது. "கடல்ல முள்ளு கெடையாது, பாறை கெடக்கு. எப்பிடியும் ஒரு நாளு கிழியும். கிழிஞ்சா யாரு ஒட்டுவா?" என்று கேட்டார். அவர் கேட்டது சென்னப்பனை. பதில் சொன்னது சௌடம்மா.

"நான்தாண்ணே ஒட்டுவேன். இப்ப ஒட்டுனா நாளைக்கு இந்நேரம் வரைக்கும் தொடப்படாது. அதுக்கு முன்னால காத்தடிச்சு, பாத்தீகளா நிக்கிதுன்னு காமிச்சா அது ஏமாத்து வேல. ஒங்களுக்குத் தோதுப்பட்டா நாளைக்கு வாங்க."

கூட வந்த இரண்டு பேரும் போகலாம் என்பதுபோல் சூசையைப் பார்த்தார்கள். இன்றைக்கே ஏதாவது செய்து காட்டு என்று மனைவியிடம் சொல்லச் சென்னப்பனுக்கு அப்போது எவ்வளவு தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. சூசை, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

சௌடம்மா அங்கேயே, டிராக்டர் நிழலில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். கிழிசலைச் சுற்றித் தேய்த்தார், துடைத்தார், வெட்டின துண்டிலும் ட்யூப்பிலும் மெல்லிய பூச்சாகப் பசை தடவி, காயவிட்டு, மறுபடி தடவினார். அவசரமே இல்லை. மூன்றாவது பூச்சு காய்ந்ததும் துண்டை வைத்து, சின்ன உருளையால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தி அழுத்தி ஓட்டினார். நான் பக்கத்தில் நிழலுக்குக் குடை பிடித்தேன். அந்த வேலைக்காவது லாயக்காக இருந்தேன். மத்தியானம் யாரோ சேவும் வாழைப்பழமும் வாங்கிவந்தார்கள். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை, அதனால் சேவைத் தொடாமல் குடையையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கெல்லாம் கண்மாய்க்கரைக்குப் போய்விட்டோம். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. சென்னப்பன் படகைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைத்த இடத்தையே. இரண்டு மணிவாக்கில் திருச்சுழியிலிருந்து வந்த ஒரு ஷேர் ஆட்டோவில் சூசை தனியாக இறங்கினார்.

காற்றடித்தோம். ஒட்டின இடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தார் அவர். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். இன்று தானே ஓட்டுவதாகச் சொன்னார். ஆள் தவறி விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிற்றை அவர் முழங்காலில் மாட்டிவிட்டு, கருப்பையாவிடம் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு, ஆழப்பகுதிக்குள்ளேயே திருப்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சென்னப்பனை ஏற்றிக்கொண்டு போனார். நான் கரையில் நின்றேன். அவர் நிற்கும் விதம் தப்பு, கால் விறைப்பாக இருக்கிறது, கை ஸ்டியரிங்கை இறுக்குகிறது. கத்திச் சொல்ல நாக்கு துடித்தது. பேசாமல் இருந்தேன். நான்காவது சுற்றில் அவர் முழங்கால் தானாக மடங்கியது. படகு அவர் சொன்னதைக் கேட்டது.

கரைக்கு வந்து, சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராகச் சௌடம்மாவிடம் போனார். "இத எடுத்துக்குறோம். இன்னொண்ணும் செய்யுங்க. ஆனா நீங்க எங்க ஊருக்கு வந்து பத்து நாளு தங்கி, எங்க பொம்பளையாளுகளுக்கு இந்த ஒட்டு வேலயக் காட்டிக் குடுக்கணும்" என்றார். சௌடம்மா புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வாரேன்" என்றார்.

டிராக்டர் படகை இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் கண்மாய்க்கரை மேல் பின்தங்கி நடந்தோம். இனிமேல் சுமக்க முடியாது என்று தோன்றியது. தவுக்கே சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். முந்தின நாள் ட்யூப் கிழிந்தபோது என் மனதில் முதலில் என்ன வந்தது என்பதையும் சொன்னேன். அவன் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும்லே" என்றான். "நீ என்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்னு அவ மொத நாளே சொல்லிட்டா. அதான் ஒன் கைல குடுத்தேன். நல்லாருக்குன்னு சொல்றதுக்கு ஊருல எம்புட்டோ பேரு இருக்காக. இது தேறக்கூடாதுன்னு நெனைக்கிற ஒருத்தன் ஓட்டி, அவன் கைலயும் தேறுச்சுன்னாத்தான் நான் நம்புவேன்."

எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் மல்லிக்காட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவன் என் தோளில் கை போட்டான், பினாங்கில் பட்டறை விட்டு நடந்து போகும்போது போடுவதுபோல. கரை முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அன்று மாலையே தவுக்கேவுக்குப் போன் போட்டேன். சென்னப்பன் வரமாட்டான் என்றேன். ஏன், என்ன ஆயிற்று என்று கேட்டார்.

படகு நன்றாக இருக்கிறது என்றேன்.